டச்சு நெடுஞ்சொற்கள்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது? – வாசகர் கேள்வி பதில்

டச்சு மொழியின் நீண்ட கூட்டுச்சொற்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். 'அசை' என்று இங்கே சொல்வது ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்ட உச்சரிப்பு அலகை; யாப்பிலக்கணத்தின் நேரசையையும் நிரையசையையும் இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டச்சுச் சொற்கள் ஒலியை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. தொண்டையில் உரசிப் பிறக்கும் 'ஜி' எழுத்தின் ஒலிக்குத் தமிழில் நேர் எழுத்து இல்லாததால் 'ஹ' இடப்பட்டுள்ளது.

கேள்வி: நெதர்லாந்தில் பணியில் சேர்ந்து டச்சு கற்று வருகிறேன். காப்பீடு தொடர்பாக வந்த கடிதம் ஒன்றில் 'ஆர்பைட்ஸ்ஒன்ஹெஸ்ஹிக்ட்ஹைட்ஸ்ஃபெர்சேகெரிங்' என்னும் சொல் இடைவெளியே இல்லாமல் அச்சாகியிருந்தது. இத்தகைய சொல்லை எங்கெங்கே பிரித்து, எந்த இடத்தை அழுத்திச் சொல்வது? ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லையா?

பதில்: வழி உண்டு. நீங்கள் குறிப்பிடும் சொல்லில் 33 எழுத்துகளும் 10 அசைகளும் உள்ளன. ஆனால் அசைகளை எண்ணத் தொடங்கும் முன், அந்தச் சொல் எந்தெந்த இடங்களில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'ஆர்பைட்' என்றால் உழைப்பு. 'ஒன்ஹெஸ்ஹிக்ட்' என்றால் தகுதியற்ற. 'ஹைட்' என்பது நம் 'மை' விகுதியைப் போலப் பண்புப்பெயரை ஆக்கும் பின்னொட்டு. 'ஃபெர்சேகெரிங்' என்றால் காப்பீடு. இடையில் இரண்டு முறை வரும் 'ஸ்' பொருள் எதையும் தராத இணைப்பொலி. ஆக, உழைக்க இயலாத நிலைக்கான காப்பீடு என்பதே சொல்லின் பொருள். 1967 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த நெதர்லாந்துச் சட்டம் ஒன்றின் பெயரிலேயே இச்சொல் இடம்பெற்றிருந்தது என்பதால், அந்நாட்டவருக்கு இது வேடிக்கைச் சொல் அன்று. அலுவலகங்களில் அன்றாடம் புழங்கும் சொல்.

தமிழ் பேசுபவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. 'மரக்கிளை' என்றால் மரத்தின் வகை அன்று, கிளையின் வகை என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டச்சிலும் தலைமைச்சொல் கடைசியில்தான் நிற்கும். எனவே பொருளைப் பிடிக்க வலது கோடியிலிருந்து இடது நோக்கிப் போகலாம். அழுத்தத்தைப் பிடிக்கவோ நேர் எதிர்த்திசையில் போக வேண்டும். கூட்டுச்சொல்லின் முதன்மை அழுத்தம் இடப்பக்க உறுப்பில் விழும் என்பதே பொதுவிதி. அந்த இடப்பக்க உறுப்பே இன்னொரு கூட்டுச்சொல்லாக இருந்தால், அதன் இடப்பக்க உறுப்புக்குள் மறுபடியும் நுழைய வேண்டும். இனிப் பிரிக்க முடியாத முதல் சொல்லை அடைந்ததும், அந்தச் சொல் தனியே நிற்கும்போது எந்த அசையில் அழுத்தம் பெறுமோ அந்த அசைதான் நெடுஞ்சொல் முழுவதற்கும் உச்சி.

இதை உங்கள் சொல்லில் வைத்துப் பார்ப்போம். கடைசியில் நிற்கும் 'ஃபெர்சேகெரிங்'கைக் கழித்தால் இடப்பக்கத்தில் உழைக்க இயலாமை என்ற பகுதி நிற்கும். அதிலும் இடப்பக்கம் 'ஆர்பைட்'. அது முதலசையில் அழுத்தம் பெறும் சொல்; ஆகவே பத்து அசைகளுக்கும் தலைமை 'ஆர்'. அடுத்த வலிமை 'ஃபெர்சேகெரிங்' சொல்லின் 'சே' அசைக்கு. மூன்றாம் நிலையில் 'ஒன்ஹெஸ்ஹிக்ட்' சொல்லின் 'ஒன்' வரும். மற்ற அசைகள் இந்த மூன்றுக்கும் இடையே தாழ்ந்து செல்லும். ஆர்-பைட்ஸ், ஒன்-ஹெ-ஸ்ஹிக்ட்-ஹைட்ஸ், ஃபெர்-சே-கெ-ரிங் என்று மூன்று கட்டமாகச் சொல்லிப் பழகி, பிறகு மூச்சை விடாமல் இணைத்துச் சொன்னால் தாளம் தானாக வந்துவிடும்.

முதல் உறுப்பில் அழுத்தம் என்பதை முதல் அசையில் அழுத்தம் என்று புரிந்துகொள்வதுதான் தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. நாம் அதைப் பொருட்படுத்தாமலே சொல்லின் முதலசையைச் சற்று ஓங்கிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். 'ஆர்பைட்' என்ற சொல்லில் இந்தப் பழக்கம் தற்செயலாகச் சரியாகிவிடுகிறது. பல்கலைக்கழக நூலகம் என்று பொருள்படும் 'யூ-நி-வெர்-சி-டைட்ஸ்-பி-ப்ளி-ஓ-டேக்' என்ற ஒன்பது அசைச் சொல்லில் அதே பழக்கம் காலை வாரிவிடும். 'யூநிவெர்சிடைட்' என்பது கடைசி அசையில் அழுத்தம் பெறும் சொல். எனவே நெடுஞ்சொல்லின் உச்சி ஐந்தாம் அசையான 'டைட்ஸ்'. துணை அழுத்தம் ஒன்பதாம் அசையான 'டேக்'. பொறுப்புக் காப்பீட்டைக் குறிக்கும் 'ஆன்-ஸ்ப்ரா-கெ-லெக்-ஹைட்ஸ்-ஃபெர்-சே-கெ-ரிங்' என்ற சொல்லுக்கும் ஒன்பது அசைகளே. ஆனால் உச்சி இரண்டாம் அசையான 'ஸ்ப்ரா', துணை அழுத்தம் 'சே'. அசை எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் அழுத்தம் வேறு வேறு இடங்களில் நிற்பதால், எண்ணிக்கையைக் கொண்டு எதையும் கணிக்க முடியாது என்பது விளங்கும்.

இன்னும் இரண்டு குறிப்புகள் உதவும். கூட்டில்லாத தனிச்சொல்லில் அழுத்தம் கடைசி மூன்று அசைகளுக்குள் எங்காவதுதான் விழும். ஒரு சொல்லின் அழுத்தம் அதைவிட இடப்பக்கமாக நின்றால், அது பெரும்பாலும் கூட்டுச்சொல்லாகவோ பின்னொட்டுகள் ஏறிய சொல்லாகவோ இருக்கும். இரண்டாவது: 'பெ', 'ஹெ', 'ஃபெர்' போன்ற முன்னொட்டுகளிலும் சொல்லிறுதியில் வரும் 'எ', 'என்', 'எர்', 'எல்' ஆகியவற்றிலும் உள்ள மங்கிய எகரம் ஒருபோதும் அழுத்தம் ஏற்காது. நான்காண்டுக்கு ஒருமுறை மார்ச் மாதத்தில் நடக்கும் நகராட்சித் தேர்தலின் பெயரான 'ஹெ-மேன்-டெ-ராட்ஸ்-ஃபெர்-கீ-சிங்-ஙென்' என்ற எட்டசைச் சொல்லில் இந்த மங்கிய அசைகளை ஒதுக்கிவிட்டால் 'மேன்', 'ராட்ஸ்', 'கீ', 'சிங்' ஆகிய நான்கே மிஞ்சும். அவற்றுள் தலைமை 'மேன்', அடுத்தது 'கீ', அதற்கும் கீழே 'ராட்ஸ்'. 'சிங்' பின்னொட்டின் அசை என்பதால் போட்டியிலேயே இல்லை.

கேள்வி: டச்சு இதழ்களில் வரி முடிவில் நீண்ட சொற்களை எந்த விதிப்படி உடைக்கிறார்கள்? உச்சரிப்பின்படியா, எழுத்தின்படியா?

பதில்: முதலில் உறுப்புகளின்படி, அதற்குள் எழுத்தின்படி, சில இடங்களில் உச்சரிப்பைப் புறக்கணித்தும்.

உறுப்புகள் ஒட்டும் இடத்தில் உடைப்பதே முதல் உரிமை பெற்றது. ஊர்ச்சதுக்கத்தைக் குறிக்கும் 'டொர்ப்ஸ்ப்லைன்' என்ற சொல்லை 'டொர்ப்ஸ்-ப்லைன்' என்றே உடைக்க வேண்டும். 'ஸ்ப்ல்' என்று தொடங்கும் சொற்கள் டச்சில் உண்டு என்பதால் ஒலியளவில் 'டொர்ப்-ஸ்ப்லைன்' என்பதும் இயலும். ஆனால் இணைப்பு 'ஸ்' எப்போதும் முன்னுள்ள உறுப்போடுதான் போகும். அதுபோலவே மாலை உணவு 'ஆஃபொன்ட்-ஏடென்' என்றுதான் உடையும். 'ஆஃபொன்-டேடென்' என்று உடைவதில்லை. மெய் வந்து உயிரோடு சேரும் நம் இயல்பு டச்சுக் கூட்டுச்சொல்லின் எல்லையில் நின்றுவிடுகிறது. இதற்குச் செவியிலும் சான்று இருக்கிறது. டச்சில் உறுப்பின் இறுதியில் நிற்கும் 'டி' எழுத்து நம் 'வண்டி'யின் டகரம்போல ஒலிக்காமல் 'தட்டு' என்பதில் வரும் டகரம்போல வன்மையாக ஒலிக்கும். மாலை உணவில் அந்த எழுத்துக்குப் பின் உயிர் வந்தும் வன்மை மாறுவதில்லை. உயிர் இருப்பது எல்லைக்கு அப்பால் என்று மொழியே கருதுகிறது.

உறுப்புக்குள்ளே வந்தால் விதி எளிது. இரண்டு உயிர்களுக்கு இடையே ஒரு மெய் இருந்தால் அது அடுத்த அசைக்குப் போகும். இரண்டு இருந்தால் ஆளுக்கொன்றாகப் பிரியும். டச்சு எழுத்துமுறையின் ஆணிவேரே இதில்தான் இருக்கிறது. 'போ-மென்' என்றால் மரங்கள், 'பொம்-மென்' என்றால் வெடிகுண்டுகள். டச்சு எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஓ' எழுத்துதான். அசை திறந்து நின்றால் அது நெடில், மெய்யால் மூடப்பட்டால் குறில். குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கும் நமக்கு இது வியப்பாக இருக்கலாம். டச்சுக்காரர்களோ அசைப்பிரிப்பைக் கொண்டே உயிரின் அளவைக் காட்டிவிடுகிறார்கள்.

எழுத்து உச்சரிப்பை மீறும் இடங்களும் உண்டு. தேர்தல் என்ற சொல்லின் 'ங்' ஒலி ஒன்றேயானாலும் எழுத்தில் 'என்', 'ஜி' என இரண்டு இருப்பதால் வரி அவற்றுக்கு நடுவே உடையும். சிரித்தல் என்று பொருள்படும் 'லஹென்' சொல்லில், 'சி', 'ஹெச்' எழுத்துகள் இணைபிரியாதவை என்பதால், குறில் நிற்கும் முதலசையைத் திறந்த அசையாக விட்டே உடைக்கிறார்கள். அசையே ஆனாலும் சொல்லின் தொடக்கத்தில் ஒற்றை எழுத்தைத் தனித்து விடக்கூடாது. ஆகவே பல்கலைக்கழகம் என்ற சொல்லை 'யூ' என்பதற்குப் பின் உடைக்க மாட்டார்கள். மிகவும் நுட்பமானது சிறுமைப் பெயர்களின் விதி. கார் என்னும் பொருளுள்ள 'ஓட்டோ' சொல்லோடு 'ட்யே' சேர்த்துச் சிறிய கார் என்று எழுதும்போது, ஓகாரம் நெடிலாகவே ஒலிக்க வேண்டும் என்பதற்காக 'ஓ' எழுத்தை இரட்டிப்பார்கள். அதே சொல் வரி முடிவில் உடைந்தால் இரட்டிப்பு நீங்கி ஒற்றை 'ஓ' மட்டும் எஞ்சும், ஏனெனில் இப்போது அசை திறந்திருக்கிறது. உயிர்கள் கலந்துவிடாமல் காக்க எழுத்தின் மேல் வைக்கும் ட்ரேமா எனப்படும் இரட்டைப் புள்ளியும் அந்த இடத்தில் சொல் உடைந்தால் மறைந்துவிடும்.

கேள்வி: ஒரே எழுத்துக்கோவையை இரண்டு விதமாகப் பிரித்து இரண்டு பொருள் கொள்ளும் சொற்கள் டச்சில் உண்டா? அப்படி இருந்தால் அழுத்தம் உதவுமா?

பதில்: நம் புலவர்கள் சிலேடைக்கென்று தேடிப்பிடிக்கும் இந்த இரட்டைப் பிரிப்பு, டச்சில் கேட்காமலே வந்து நிற்கும். அழுத்தம் சில இடங்களில் உதவும், சில இடங்களில் உதவாது.

உதவாத இடத்துக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 'டைக்ரம்ப்'. 'டைக்-ரம்ப்' என்று பிரித்தால் கடல்தடுப்பு அணை உடைந்த பேரழிவு. 'டை-க்ரம்ப்' என்று பிரித்தால் தொடைத் தசைப்பிடிப்பு. இரண்டிலும் அழுத்தம் முதலசையில்தான். 1953 பிப்ரவரி 1 அன்று அணைகள் உடைந்து 1,836 பேர் மாண்ட நாட்டில் முதல் பொருள் விளையாட்டுக்குரியது அன்று. இருந்தும் மொழி இரண்டையும் ஒரே உருவில் வைத்திருக்கிறது. 'க்வர்ட்ஸ்லாஹென்' சொல்லும் அப்படியே: 'க்வர்ட்-ஸ்லாஹென்' என்றால் கால்வட்டத் திருப்பங்கள், 'க்வர்ட்ஸ்-லாஹென்' என்றால் குவார்ட்ஸ் கல்லின் அடுக்குகள். 'ஃபல்-கௌல்' என்றால் பொறிக்குழி. 'ஃபல்க்-ஔல்' என்று வெட்டினால் வல்லூறும் ஆந்தையும் சேர்ந்த ஏதோ ஒரு பறவை.

அழுத்தம் கைகொடுக்கும் இடங்கள் இன்னும் சுவையானவை. மசாஜ் செய்யும் கட்டிலையும் பெருங்கூட்டமாகச் செய்யும் வழிபாட்டையும் டச்சில் ஒரே வரிசை எழுத்துகளால் எழுதுவார்கள். கட்டில் என்றால் அது 'மஸ்-ஸா-ஷெ-பெட்'; மசாஜ் என்ற சொல் இரண்டாம் அசையில் அழுத்தம் பெறுவதால் உச்சி 'ஸா'. வழிபாடு என்றால் 'மஸ்-ஸா-ஹெ-பெட்'. கூட்டம் என்ற 'மஸ்ஸா' முதலசையில் அழுத்தம் பெறும் சொல் என்பதால் உச்சி 'மஸ்'. எல்லை நகர்ந்ததும் அழுத்தமும் நகர்கிறது, நடுவில் நிற்கும் 'ஜி' எழுத்தின் ஒலியும் மாறுகிறது. 'மினிஸ்டெர்' என்ற சொல்லில் 'நிஸ்' அழுத்தம் பெற்றால் அமைச்சர். 'மி' அழுத்தம் பெற்றால் குட்டி விண்மீன். நீளம் தாண்டும் விளையாட்டின் பெயரில் 'ஃபெர்' என்பது தொலைவு என்ற பொருளுள்ள முழுச்சொல், ஆகவே அழுத்தம் அதற்கே. அதே எழுத்துகளில் இடம்பெயர்தல் என்ற வினையை எழுதினால் 'ஃபெர்' வெறும் முன்னொட்டாகி மங்கிவிடும்.

அச்சுக்கோக்கும் மென்பொருள்கள் இவ்விடங்களில் தடுக்கி விழுவதற்குக் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. டெக் அச்சு மென்பொருளுக்காக ஃப்ராங்க் லியாங் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1983 இல் உருவாக்கிய முறையும் அதன் வழிவந்தவையும் எழுத்துக்கோவைகளின் வடிவத்தைப் பார்த்தே உடைக்கும் இடத்தைத் தீர்மானிக்கின்றன, பொருளைப் பார்ப்பதில்லை. எழுதுபவர் நினைத்த மாத்திரத்தில் புதிய கூட்டுச்சொல் பிறக்கும் மொழியில் எல்லாவற்றையும் பட்டியலிட்டு வைக்கவும் முடியாது.

கேள்வி: நீண்ட சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதினால் படிப்பவருக்கு எளிதாக இருக்குமே. அது தவறா?

பதில்: தவறுதான். டச்சுக்காரர்களே ஆங்கிலத்தின் செல்வாக்கால் இத்தவறைச் செய்கிறார்கள். அதைக் கண்டிப்பவர்கள் 'ஆங்கில நோய்' என்று பெயரிட்டுக் கேலி செய்கிறார்கள். நெட்டோட்டக்காரரைக் குறிக்கும் 'லங்ஙெஅஃப்ஸ்டன்ட்ஸ்லோபெர்' சொல்லில் 'லங்ஙெ' என்பதற்குப் பின் இடைவெளி விட்டால், ஓட்டத்தின் நீளம் போய் ஓடுபவரின் உயரம் வந்து நிற்கும். குழப்பம் வருமென்று தோன்றினால் உறுப்புகளுக்கு இடையே சிறுகோடு இட அதிகாரபூர்வ விதிகள் இடம் தருகின்றன. மேலே சொன்ன கூட்டு வழிபாட்டுக்கு அந்தச் சலுகையைப் பயன்படுத்துவது நல்லது.

உயிரெழுத்துகள் மோதும் இடத்தில் மட்டும் சிறுகோடு கட்டாயம். கடல்வாத்து 'சே-ஏன்ட்', கார் விபத்து 'ஓட்டோ-ஒன்ஹெலுக்' ஆகியவை அப்படி எழுதப்படுகின்றன. நாம் இத்தகைய இடத்தில் யகர, வகர உடம்படுமெய்களை எழுதிக் காட்டுகிறோம். டச்சுக்காரரும் 'சே-ஏன்ட்' போன்ற சொல்லில், பேச்சில் மெல்லிய யகரம் ஒன்றைச் செருகத்தான் செய்கிறார்கள், எழுதுவதில்லை. 1995 ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அந்தச் சொல்லில் ட்ரேமா இருந்தது. அதே சீர்திருத்தம் பசுவின் மடியைக் குறிக்கும் 'கூய்-யெ-ஔ-யெர்' சொல்லின் நடுவே 'என்' எழுத்தைச் சேர்த்து, அதுவரை ஏழு உயிரெழுத்துகள் இடைவிடாமல் நின்ற அந்த அதிசயத்தை முடித்துவைத்தது. அந்த 'என்' எழுத்தைப் பலர் உச்சரிப்பதே இல்லை.

கேள்வி: டச்சில் மிக நீளமான சொல் எது?

பதில்: சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதால் அப்படியொன்று இருக்க முடியாது. பதிவேடுகளில் பெயர்பெற்றது, குழந்தைகளின் திருவிழா ஊர்வலத்துக்கான ஆயத்தப் பணிகள் என்று பொருள்படும் 49 எழுத்துச் சொல். கின்-டெர்-கர்-நா-ஃபல்ஸ்-ஒப்-டொஹ்ட்-ஃபோர்-பெ-ரை-டிங்ஸ்-வெர்க்-சாம்-ஹே-டென் என அதற்குப் பதினைந்து அசைகள். உச்சி முதலசையான 'கின்'. யாரும் அதைப் பேசிக் கேட்க முடியாது. மேலே கண்ட 33 எழுத்துச் சொல்தான் உண்மையில் வாழ்கிறது.

கேள்வி: இடப்பக்க உறுப்பில் அழுத்தம் என்று படித்தேன். ஆனால் ஆம்ஸ்டர்டாம் என்பதைக் கடைசி அசையில் அழுத்திச் சொல்கிறார்கள். விதிவிலக்குகள் நிறைய உண்டோ?

பதில்: உண்டு, அவற்றில் ஒரு பகுதி விதிவிலக்குபோலத் தோன்றுபவை மட்டுமே.

உண்மையான விதிவிலக்குகளை முதலில் சொல்லிவிடலாம். நகர்மன்றக் கட்டடமான 'ஸ்டட்ஹௌஸ்' இரண்டாம் அசையிலும், நகரத்தலைவரான 'புர்ஹெமேஸ்டெர்' மூன்றாம் அசையிலும் அழுத்தம் பெறும். ஊர்ப்பெயர்களில் ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம், ரோசென்டால், ரூர்மொன்ட் ஆகியவை கடைசி அசையில் அழுத்தம் பெறுவன. ஐந்தோவன், ஹில்வர்சும், ஆப்பெல்டோர்ன் ஆகியவை முதலசையில். அம்ஸ்டெல், ரொட்டெ ஆகிய ஆறுகளில் கட்டிய அணைகளால் பெயர்பெற்ற நகரங்கள் அணைக்கு அழுத்தம் தருகின்றன என்று நினைவில் வைத்துக்கொள்ளலாமே தவிர, ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கற்க வேண்டும்.

இனி, தோற்றத்தில் மட்டும் விலகுபவை. 1953 வெள்ளத்துக்குப் பின் எழுந்த டெல்டா திட்டத்தின் மாபெரும் கட்டுமானமாக 1986 அக்டோபர் 4 அன்று திறக்கப்பட்ட புயலலைத் தடுப்பின் பெயர் 'ஓஸ்-டெர்-ஸ்ஹெல்-டெ-கே-ரிங்'. இதில் அழுத்தம் மூன்றாம் அசையான 'ஸ்ஹெல்'. முதலுறுப்பு 'ஓஸ்டெர்' அன்று, 'ஓஸ்டெர்ஸ்ஹெல்டெ' என்ற கடற்கழியின் முழுப்பெயர் என்றும், அப்பெயர் தனியே நிற்கும்போதே 'ஸ்ஹெல்' அசையில் அழுத்தம் பெறும் என்றும் அறிந்தால், விதி சிறிதும் வழுவவில்லை என்பது தெரியும்.

அடைமொழியும் பெயருமாகிய தொடரே முதலுறுப்பாக அமையும் சொற்களும் இவ்வகையே. 'உயர்ந்த வேகம்' என்ற தொடரோடு 'பாதை' சேர்ந்த அதிவேக ரயில்பாதையின் பெயரான 'ஹோஹெஸ்நெல்ஹைட்ஸ்லைன்' சொல்லில், தொடரின் இயல்புப்படி அழுத்தம் பெயர்ச்சொல்லின் 'ஸ்நெல்' அசைக்குப் போகிறது. முதியோர் இல்லத்தின் பழைய பெயரான 'ஔடெமன்னெஹௌஸ்' சொல்லில் 'மன்' அழுத்தம் பெறும். ஹார்லெம் நகரின் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகம் 1913 முதல் அத்தகைய இல்லம் ஒன்றில்தான் இயங்கி வருகிறது. மாறாக, அடைமொழி தன் இறுதி எகரத்தை இழந்து பெயரோடு நேரே ஒட்டினால் அழுத்தம் அடைமொழிக்கே திரும்பும். உயர் மின்னழுத்தத்தைக் குறிக்கும் 'ஹோஹ்ஸ்பன்னிங்' சொல்லில் 'ஹோஹ்' ஓங்குகிறது. இந்த ஓர் எகரத்தைக் கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டால், படிக்கும் வேகத்திலேயே அழுத்தத்தைச் சரியாகப் போட முடியும்.

பின்னொட்டு சேர்ந்து பெயரடையாகும்போது ஏற்படும் நகர்வு வேறு. ஊழ்வினை என்ற 'நோட்லொட்' முதலசையில் அழுத்தம் கொண்டது. அதிலிருந்து வரும், உயிருக்கு உலை வைக்கும் என்ற பொருளுள்ள 'நோட்லொட்டெஹ்' இரண்டாம் அசைக்கு மாறும். கவனம் 'ஆன்டஹ்ட்' முதலில், கவனமான 'ஆன்டஹ்டெஹ்' நடுவில். அறிவியல் என்ற 'வேடென்ஸ்ஹப்' முதலில், அறிவியல்சார்ந்த 'வேடென்ஸ்ஹப்பெலெக்' மூன்றாவதில். பின்னொட்டு தனக்கு முன்னுள்ள அசைக்கு அழுத்தத்தை இழுத்துக்கொள்கிறது. எல்லாப் பின்னொட்டும் இப்படிச் செய்வதில்லை. 'ஹைட்', 'இங்' ஆகியவை அழுத்தத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகின்றன. நெடுஞ்சொற்களில் அதிகம் வருபவை இவ்விரண்டும்தான் என்பது கற்பவருக்குக் கிடைத்த நற்பேறு.

கேள்வி: இலையுதிர்காலப் புயல் என்பதற்கான டச்சுச் சொல்லில் ஆறு மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இதற்கு எத்தனை அசை? நாங்கள் சொல்லும்போது நான்கைந்து வந்துவிடுகிறது.

பதில்: இரண்டே அசை: 'ஹெர்ஃப்ஸ்ட்-ஸ்டொர்ம்'. அச்சத்தால் எழும் அலறலைக் குறிக்கும் 'அங்ஸ்ட்-ஸ்ஹ்ரேவ்' இன்னும் கடுமையானது. 13 எழுத்துகளில் எட்டு மெய்யெழுத்துகள் நடுவே அணிவகுத்தும் அதுவும் இரண்டசைதான். நம் இலக்கணம் வகுத்த மெய்ம்மயக்கம் இத்தனை மெய்களை ஒருங்கே அனுமதிப்பதில்லை. சொல்லின் இறுதியில் வல்லினமெய்யும் நிற்காது. ஆகவே நம் நாக்கு 'ஹெர்ஃபுஸ்டு' என்று உகரங்களைப் போட்டு நிரப்புகிறது. ஒவ்வோர் உகரமும் ஓர் அசையைக் கூட்டுவதால் முதன்மை அழுத்தத்துக்கும் துணை அழுத்தத்துக்கும் இடையிலான தூரம் நீண்டு, கேட்பவர் எல்லையைத் தவறவிடுகிறார். உகரம் சேர்ப்பதைவிட மெய் ஒன்றை விடுவதே மேல். டச்சுக்காரர்களும் வேகப் பேச்சில் இரண்டு சகரங்களுக்கு நடுவே சிக்கிய 'ட்' ஒலியை விட்டுவிடுகிறார்கள். சிறு அலமாரி என்ற 'கஸ்ட்யே' எல்லோர் வாயிலும் 'கஷ்யே' ஆகிவிட்டது.

ஓரிடத்தில் மட்டும் அவர்களே உயிரைச் செருகுவார்கள். 'ல்', 'ர்' ஆகியவற்றுக்குப் பின் 'க்', 'ப்', 'ம்', 'ஃப்' போன்ற மெய்கள் வந்தால் இடையே மங்கிய எகரம் நுழைகிறது: பால் 'மெல்க்' என்பது 'மெல்லெக்' ஆகும், 'ஃபில்ம்' என்பது 'ஃபில்லெம்' ஆகும், டெல்ஃப்ட் நகரம் 'டெல்லெஃப்ட்' ஆகும். நாம் 'பிலிம்' என்பதும் ஏறத்தாழ இதேதான். 'ட்', 'ஸ்' ஒலிகளுக்கு முன் இந்தச் செருகல் கிடையாது. எழுத்திலும் வரி உடைப்பிலும் இதைக் கணக்கில் கொள்வதும் இல்லை.

கேள்வி: 'ஃபோர்கோமென்' என்ற வினைக்கு நேர்தல் என்றும் தடுத்தல் என்றும் அகராதி பொருள் தருகிறது. இரண்டும் ஒரே சொல்லா?

பதில்: எழுத்தில் ஒன்று, பேச்சில் இரண்டு. 'ஃபோர்' அழுத்தம் பெற்றால் நேர்தல். 'கோ' அழுத்தம் பெற்றால் தடுத்தல். முன்னொட்டு அழுத்தம் பெறும் வினைகள் வாக்கியத்தில் இரண்டாகப் பிரியும், அழுத்தம் பெறாதவை பிரியாமல் நிற்கும். முற்றுப்பெற்ற வடிவத்தில் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும்: நேர்ந்தது என்பதில் முன்னொட்டுக்கும் வினைக்கும் நடுவே 'ஹெ' புகுந்து 'ஃபோர்ஹெகோமென்' ஆகும், தடுக்கப்பட்டது என்பதில் 'ஃபோர்கோமென்' அப்படியே நிற்கும். மேகம் கடந்து போதலும் மிகைப்படுத்தலும் 'ஓஃபெர்ட்ரைஃபென்' என்ற ஒரே எழுத்தில் நிற்பதும், கதிரவன் மறைதலும் துன்பத்துக்கு உள்ளாதலும் 'ஒன்டெர்ஹான்' என்ற ஒரே எழுத்தில் நிற்பதும் இவ்வாறே. வாக்கியச் சூழலிலும் ஐயம் தீராதபோது, அழுத்தம் பெறும் உயிரெழுத்தின் மேல் சாய்கோடு ஒன்றை இட்டு எழுத விதி அனுமதிக்கிறது. இரண்டு உயிரெழுத்துகளால் எழுதப்படும் நெடில் என்றால் இரண்டின் மேலும் கோடு வரும்.